வியாழன் பெரிதாக வருகிறது, தெளிவாக வரவில்லை: கோள் படங்களில் பெருக்கக் கோளாறு பார்ப்பது எப்படி

"ஏனுங் மாமா, இன்னுங் கொஞ்சம் பெருசு பண்ண முடியாதுங்களா?"

அக்கா பையன் இதைக் கேட்டது மார்கழிக் கடைசியில், எங்கள் மொட்டை மாடியில். 2026 ஜனவரி 10 அன்று வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வந்த வாரம் அது. லேப்டாப் திரையில் வியாழன் இரண்டு பழுப்புப் பட்டைகளோடு ஒரு நெல்லிக்காய் அளவுக்கு மிதந்துகொண்டிருந்தது. அவன் கேட்டதில் தப்பில்லை. நானும் ஆரம்பத்தில் அதே கேள்வியோடுதான் திரிந்தேன், அதற்குக் காசும் செலவழித்தேன். அப்போது பட்டதையும் பிறகு கண்டுபிடித்ததையும் அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் படத்தில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். கணக்குப் பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

என் கருவி 150 மி.மீ. ஆடியும் 1200 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட, கையால் தள்ளித் திருப்பும் டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி. கேமராவின் பிக்சல் 2.9 மைக்ரான். வீடு பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவே, சுற்றிலும் தறிக்குடோன். இந்தக் கடைசி விவரத்துக்கும் வேலை இருக்கிறது.

முதலில் கணக்கு

கண்ணால் பார்க்கும்போது பெருக்கம் என்பது தொலைநோக்கியின் குவியத் தூரத்தை ஐபீஸின் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸின்) குவியத் தூரத்தால் வகுத்தால் வருவது. 1200-ஐ 10-ஆல் வகுத்தால் 120 மடங்கு. ஐபீஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேமராவைச் செருகியதும் இந்த "மடங்கு" என்ற பேச்சே செல்லாது. ஒரு பிக்சலுக்குள் வானத்தின் எவ்வளவு பகுதி விழுகிறது என்பதுதான் இனி கேள்வி. 206.265-ஐப் பிக்சல் அளவால் பெருக்கி (மைக்ரானில்), குவியத் தூரத்தால் (மி.மீ.) வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எத்தனை விநாடிக்கோணம் (ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு) என்று கிடைக்கும்.

தினமும் இதைப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. குறுக்குவழி ஒன்று உண்டு: பிக்சல் அளவை 5-ஆல் பெருக்குங்கள், அதுதான் நீங்கள் போய்ச் சேர வேண்டிய எஃப் எண். எஃப் எண் என்பது மொத்தக் குவியத் தூரத்தை ஆடியின் விட்டத்தால் வகுத்தது. 2.9 பிக்சலுக்கு எஃப் 14.5, 3.75 பிக்சலுக்கு எஃப் 19-க்குப் பக்கம், 2.4 பிக்சலுக்கு எஃப் 12. காற்று சரியில்லாத இரவில் 5-க்குப் பதில் 3.5 அல்லது 4 போட்டுக்கொள்ளலாம். என் தொலைநோக்கி இயல்பிலேயே எஃப் 8. குவியத் தூரத்தை நீட்டிக் கொடுக்கும் பார்லோ லென்ஸை 2 மடங்கில் போட்டால் எஃப் 16. ஏறக்குறைய இலக்கிலேயே நிற்கிறது. எஃப் 5 குழாய் வைத்திருப்பவர்களுக்கு 3 மடங்கு பார்லோ பொருந்தும்.

அறிகுறி: கோள் பெரிதாக இருக்கிறது, ஆனால் வெண்ணெய் தடவிய மாதிரி வழவழவென்று இருக்கிறது

இங்கேதான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். நான் மாட்டியதும் இங்கேதான். 5 மடங்கு பார்லோ ஒன்று வாங்கி மாட்டினேன். எஃப் 40, குவியத் தூரம் 6000 மி.மீ. வியாழன் திரையில் 460 பிக்சல் அகலத்துக்கு வந்து நின்றது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பட்டைகள் மட்டும் இரண்டு பழுப்புக் கறைகளாகத்தான் இருந்தன, ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

என்ன நடந்தது? 150 மி.மீ. ஆடியால் பிரித்துக் காட்ட முடிந்த மிகச் சிறிய இடைவெளி, டாவ்ஸ் கணக்குப்படி 116-ஐ 150-ஆல் வகுத்தால், சுமார் 0.77 விநாடிக்கோணம். எஃப் 40-இல் ஒரு பிக்சலுக்கு 0.1 விநாடிக்கோணம். அதாவது ஆடி கொடுக்கும் ஒரே ஒரு புள்ளி விவரத்தை ஏறத்தாழ எட்டுப் பிக்சலில் பரப்பி வைத்திருக்கிறேன். எட்டுப் பேருக்கு வைத்த குழம்பை அறுபது பேருக்குத் தண்ணீர் ஊற்றிப் பரிமாறிய கதை.

அதோடு முடியவில்லை. எஃப் 16-இலிருந்து எஃப் 40-க்குப் போனால் ஒவ்வொரு பிக்சலுக்கும் வரும் வெளிச்சம் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். எஃப் 16-இல் 8 மில்லிவிநாடியில் எடுத்த அதே வெளிச்சத்துக்கு இப்போது 50 மில்லிவிநாடி தேவை. அந்த 50 மில்லிவிநாடிக்குள் காற்று பல முறை அசைந்துவிடும். கோள் படத்தில் நாம் ஆயிரக்கணக்கான சட்டங்களை (ஃபிரேம்களை) வீடியோவாக எடுத்து, காற்று ஒரு கணம் அசையாமல் நின்ற சட்டங்களை மட்டும் பொறுக்கி அடுக்குகிறோம். ஒவ்வொரு சட்டமும் நீளமாகிவிட்டால் பொறுக்குவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

சோதனை எளிது. அடுக்கி முடித்த படத்தைப் பாதி அளவுக்குச் சுருக்குங்கள். பிறகு அதையே மறுபடி இரண்டு மடங்காக்கி, மூலப்படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், நீங்கள் இரண்டு மடங்கு அதிகமாகப் பெருக்கி எடுத்திருக்கிறீர்கள். என் எஃப் 40 படத்தை அதற்கும் கீழே சுருக்கியும் ஒரு கோடுகூடக் குறையவில்லை.

தீர்வு: பார்லோவைக் குறையுங்கள். வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். என் 5 மடங்கு பார்லோ இப்போது எங்கள் வீட்டுப் பீரோவில் பாச்சா உருண்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அறிகுறி: கூர்மைதான், ஆனால் சின்னது, விளிம்பு படிக்கட்டு மாதிரி

இது நேர் எதிர். பார்லோ இல்லாமல் எஃப் 8-இல் எடுத்தால் ஒரு பிக்சலுக்கு அரை விநாடிக்கோணம். வியாழன் 92 பிக்சல்தான் வரும். அதன் நிலாக்கள் வட்டமாக இல்லாமல் சதுரமாகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஆடி கொடுக்கும் விவரத்தைக் கேமரா வாங்காமல் கொட்டுகிறது. 2 மடங்கு பார்லோ போடுங்கள். சட்டங்களை அடுக்கும் ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில், அடுக்கும்போதே படத்தைப் பெரிதாக்கும் டிரிசில் வசதியை 1.5 மடங்கு வைத்தால் விளிம்பு கொஞ்சம் வழுவழுப்பாகும், ஆனால் அது பார்லோவுக்கு ஈடாகாது.

அறிகுறி: நேற்று அருமை, இன்று அதே செட்டிங்கில் கோள் கொதிக்கிறது

செட்டிங்கில் ஒன்றும் இல்லை. இது காற்று. ஆனால் எந்தக் காற்று என்று பிரித்துப் பார்த்தால்தான் என்ன செய்வது என்று தெரியும்.

பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பிடித்து ஃபோகஸை வேண்டுமென்றே வெளியே தள்ளுங்கள். வட்டத் தட்டாக விரியும். அந்தத் தட்டுக்குள் ஒரு பக்கமாக, ஊதுபத்திப் புகை மாதிரி மெல்ல ஏதாவது நெளிந்து மேலே ஏறினால் வெப்பம் குழாய்க்குள்ளேயே இருக்கிறது. ஆடி இன்னும் ஆறவில்லை. அறைக்குள் இருந்த குழாயைத் தூக்கி வந்து உடனே எடுக்க உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும். ஒரு மணி நேரம் முன்னாலேயே வெளியே வையுங்கள்.

தட்டு முழுவதும் தண்ணீர்க்கடியில் கிடக்கும் காசு மாதிரி அலைந்தால், அது பக்கத்து வெப்பம். எங்கள் ஊர்ப் பக்கம் காங்கிரீட் மாடி பகல் வெயிலை இரவு பத்து மணி வரைக்கும் கக்கிக்கொண்டிருக்கும். செருப்பைக் கழற்றி வெறுங்காலை மாடியில் வைத்துப் பாருங்கள். கால் சுட்டால் அல்லது இதமாக இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. இதைவிட நம்பகமான கருவி என்னிடம் இல்லை. குடோன்களின் தகரக் கூரைகள் இருக்கும் திசையைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். வெல்லம் காய்ச்சும் ஆலைக்கோ செங்கல் சூளைக்கோ மேலாக வரும் வானத்தில் எதையும் எடுக்க முயல வேண்டாம். தோட்டத்தில் மண் களமோ புல் தரையோ இருந்தால் மொட்டை மாடியைவிட அதுவே நல்லது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வீடு இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. வானம்தான் ஓலைக்கு நடுவே கைக்குட்டை அளவுக்குத் தெரியும்.

மூன்றாவது, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று. ஆனியில் ஆரம்பித்து ஆடி முழுக்க மலைக்கு அந்தப் பக்கத்து ஈரக்காற்று அந்த இடைவெளியில் நெருக்கியடித்துக்கொண்டு நம் பக்கம் பாயும். உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது சும்மாவா? அந்த மாதங்களில் வானம் திறந்தாலும் நான் பார்லோ போடுவதில்லை. எஃப் 8-இலேயே எடுத்து, மற்றதை மறந்துவிடுகிறேன். காற்றுக்கு மறைவாகச் சுவரோரம் நிற்பது குழாய் ஆடுவதைத் தடுக்கும், மேலே இருக்கும் கொந்தளிப்பைத் தடுக்காது.

நமக்கு ஒரு யோகமும் இருக்கிறது. கொங்கு நாடு வட அகலாங்கு 11 பாகையை ஒட்டி இருப்பதால் கோள்கள் ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலேயே கடக்கும். 30 பாகை உயரத்தில் இருக்கும் கோளின் ஒளி, உச்சியில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு காற்றைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும். ஆகவே கோள் 50 பாகையைத் தாண்டும்வரை பார்லோவைப் பையிலேயே வைத்திருங்கள். ஒரே தொல்லை, டாப்சோனியனை நேர் உச்சிக்குத் திருப்பினால் பக்கவாட்டில் தள்ளுவது பெரும்பாடு. கழுத்து வலிக்கு நான் பொறுப்பில்லை.

அறிகுறி: கொதிப்பில்லை, கோள் முழுசாக ஒரே சீராக நடுங்குகிறது

இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. சில இரவு படம் கண்ணாடி மாதிரி வரும், சில இரவு எல்லாச் சட்டத்திலும் இரட்டைக் கோடு. காற்றைத் திட்டினேன், காலிமேஷனை (ஆடிகளின் நேர்ப்பொருத்தத்தை) திரும்பத் திரும்பச் சரிசெய்தேன். குறிப்பேட்டைப் புரட்டியபோது நல்ல படங்கள் எல்லாமே ஞாயிற்றுக்கிழமை எடுத்தவை என்று தெரிந்தது. ஞாயிறு பக்கத்துக் குடோனில் தறி ஓடாது.

காற்று அலைத்தால் தட்டு நெளியும், உருவம் மாறும். அதிர்வு என்றால் உருவம் மாறாது, மொத்தமும் ஒரே திசையில் இழுபடும். குறைந்த வெளிச்சத்தில் ஒரு நட்சத்திரத்தை அரை விநாடி எடுத்தால் அது நகரும் கோடு நேராக இல்லாமல் ஒரே சீரான நெளிவுகளோடு பதியும். வீட்டுக்குள்ளேயே காரணம் இருக்கலாம். ஒரு தடவை கீழே இட்லிக்குக் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னும் அரை மணி நேரம் பொறுத்துப் போட்டா என்ன?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பெருக்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், குவியத் தூரம் இரண்டு மடங்கானால் அதே அதிர்வு திரையில் இரண்டு மடங்காகத் தெரியும். எஃப் 8-இல் கண்ணுக்கே தெரியாத தறி, எஃப் 16-இல் படத்தைக் கெடுக்கும். தீர்வு: சட்ட நேரத்தை 5 மில்லிவிநாடிக்குக் கீழே கொண்டுவாருங்கள், அடித்தட்டுக்குக் கீழே தடிமனான ரப்பர் வையுங்கள், மாடியை விட்டுத் தரைக்கு இறங்குங்கள். அல்லது ஞாயிறுவரை காத்திருங்கள்.

அறிகுறி: 2 மடங்கு பார்லோதான், ஆனால் கணக்கு உதைக்கிறது

பார்லோவின் மேல் எழுதியிருக்கும் எண், கேமரா ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இருந்தால் மட்டும் உண்மை. லென்ஸிலிருந்து சென்சார் வரைக்கும் உள்ள தூரத்தைப் பார்லோவின் குவியத் தூரத்தால் வகுத்து ஒன்றைக் கூட்டுங்கள். அதுதான் நிஜமான மடங்கு. 100 மி.மீ. பார்லோவுக்கு 100 மி.மீ. பின்னால் சென்சார் இருந்தால் 2 மடங்கு. 130 மி.மீ. என்றால் 2.3 மடங்கு.

எனக்கு அந்த 30 மி.மீ. எங்கிருந்து வந்தது என்பது சொந்தக் கதை. கேமராவைப் பிடிக்க வசதியாக இருக்குமென்று கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் ஓர் அலுமினியக் குழல் கடைந்து தரச் சொன்னேன். "வெளி விட்டம் முப்பத்தொண்ணு புள்ளி ஏழுங்களா? தொளதொளன்னு வேணுமா, புடிச்ச மாதிரி வேணுமா?" என்று கேட்டுவிட்டு, காலிப்பரை ஒரு தடவை வைத்துப் பார்த்துப் பத்து நிமிடத்தில் கையில் கொடுத்தார். கச்சிதமான வேலை. அதன் நீளம் பெருக்கத்தைக் கூட்டும் என்பதை யோசிக்காதது நான்தான்.

நிஜமான குவியத் தூரத்தை வியாழனை வைத்தே அளந்துவிடலாம். ஒரு சட்டத்தில் பட்டைகள் ஓடும் திசையில் விட்டத்தைப் பிக்சலில் எண்ணுங்கள். மேலிருந்து கீழாக எண்ணக் கூடாது. வேகமாகச் சுழல்வதால் வியாழன் துருவங்களில் கண்ணுக்குத் தெரியும் அளவு தட்டையாக இருக்கும். அன்றைக்கு வியாழனின் கோண விட்டம் என்ன என்று ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருளில் பாருங்கள். எனக்கு வந்தது 212 பிக்சல், அன்றைய விட்டம் 46 விநாடிக்கோணம். 206.265-ஐ 2.9-ஆலும் 212-ஆலும் பெருக்கி 46-ஆல் வகுத்தால் சுமார் 2757 மி.மீ. 1200-ஆல் வகுத்தால் 2.3. நான் எஃப் 16 என்று நம்பிக்கொண்டிருந்தது உண்மையில் எஃப் 18.4. குழலைக் கழற்றியதும் சுமாரான இரவுகளில்கூடப் படம் தேறியது.

அறிகுறி: வியாழன் சரி, சனி மட்டும் இருட்டாக, மணல் தூவியது போல

சூரியனிலிருந்து சனி இருக்கும் தூரம் வியாழனைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அங்கே விழும் வெயிலே மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் வியாழனுக்கு 8 மில்லிவிநாடி போதும் என்றால் சனிக்கு 25, 30 என்று போக வேண்டியிருக்கும். கெயினை (கேமராவின் சிக்னல் பெருக்கத்தை) ஏற்றிக்கொண்டு, கூடுதல் சட்டங்களை அடுக்கி மணலைக் கரைக்கப் பாருங்கள். சனி வியாழனைப் போல நுணுக்கமான மேகங்களைக் காட்டுவதில்லை என்பதால் சற்று நீளமாகவே வீடியோ எடுக்கலாம். எனக்கு நான்கு நிமிடம் வரை பிரச்சினை இல்லை. வியாழன் 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால் அதற்கு இரண்டு, மூன்று நிமிடத்தோடு நிறுத்திவிடுகிறேன். இதெல்லாம் செய்தும் சனி தேறவில்லை என்றால் எஃப் எண்ணை ஒரு படி இறக்குங்கள். செவ்வாய்க்கு இந்தச் சிக்கல் இல்லை, வெளிச்சம் தாராளம். அது நெருங்கி வரும் சில வாரங்களுக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாகப் பெருக்கிப் பார்க்கலாம்.

அறிகுறி: ஃபோகஸ் பிடிபடவே இல்லை

திருகைத் தொட்டாலே கோள் திரையில் துள்ளுகிறதா? திருகில் ஒரு துணி கிளிப்பை மாட்டுங்கள். கிளிப்பின் வால் நுனியை விரலால் தட்டினால் திருகு மயிரிழை அளவுக்குத்தான் நகரும், குழாயும் ஆடாது. செலவு இரண்டு ரூபாய். கோளின் விளிம்பைப் பார்த்து ஃபோகஸ் செய்யாமல் வியாழனின் நிலா ஒன்றைப் பார்த்துச் செய்யுங்கள். மிகச் சின்னதாகும் இடம்தான் சரி. பத்து நிமிடம் முயன்றும் அந்த இடம் நிலையாக நிற்கவில்லை என்றால் மேலே சொன்ன காற்றுப் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

அறிகுறி: ஒரு ஓரம் நீலம், எதிர் ஓரம் சிவப்பு

கோள் தாழ்வாக இருக்கிறது. காற்று பட்டகம் மாதிரி நிறங்களைப் பிரிக்கிறது. பெருக்கம் கூடக்கூட இது பெரிதாகத் தெரியும். மேலே ஏறும்வரை காத்திருங்கள்.

அறிகுறி: கோள் திரையை விட்டு ஓடிவிடுகிறது

வானம் விநாடிக்குச் சுமார் 15 விநாடிக்கோணம் நகரும். என் கேமராவின் 1920 பிக்சல் அகலத்தை எஃப் 16-இல் வியாழன் அரை நிமிடத்தில் கடந்துவிடும். எஃப் 40-இல் 13 விநாடிகூட இல்லை. தானாகச் சுழலும் பீடம் இல்லாதவர்கள் பெருக்கத்தை ஏற்ற நினைக்கும்போது இதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். நான் கோளைக் கிழக்கு ஓரத்தில் வைத்து, கையை எடுத்துவிட்டு, தானாக மேற்கு ஓரத்துக்குப் போகவிடுவேன். நான்கைந்து ஓட்டம். பிறகு பிப் மென்பொருள் ஒவ்வொரு சட்டத்திலும் கோளை நடுவில் கொண்டுவந்து வைத்துவிடும்.

அறிகுறி: கைபேசியில் ஐபீஸ் வழியாக எடுக்கிறேன், வெறும் வெள்ளைப் பொட்டு

முதலில் வெளிச்சத்தைக் குறையுங்கள். கைபேசி இருட்டு வானத்துக்காகத் தானே வெளிச்சத்தை ஏற்றிக்கொள்கிறது. பெருக்கத்துக்கு இங்கே கணக்கு வேறு. ஐபீஸ் தரும் மடங்கைக் கைபேசி லென்ஸின் உண்மையான குவியத் தூரத்தால் பெருக்கி, ஆடி விட்டத்தால் வகுத்தால் எஃப் எண். 10 மி.மீ. ஐபீஸும் 5.5 மி.மீ. கைபேசி லென்ஸும் என்றால் 120-ஐ 5.5-ஆல் பெருக்கி 150-ஆல் வகுக்க, எஃப் 4.4. கைபேசிப் பிக்சல் 1.6 மைக்ரான் என்றால் வேண்டியது எஃப் 8. அதே ஐபீஸுக்கு முன்னால் 2 மடங்கு பார்லோ போட்டால் எஃப் 8.8, சரியாக இருக்கும். பார்வைக்கு அது 240 மடங்கு. விட்டத்தை மி.மீ.யில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வரும் எண்ணைத் தாண்டாதீர்கள், 150-க்கு 300. அட்டைப்பெட்டியில் 675 மடங்கு என்று போட்டு விற்கும் 60 மி.மீ. தொலைநோக்கிக்கு உண்மையான எல்லை 120.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் இணையத்தில் பார்க்கும் படம் மாதிரி இல்லை

அந்தப் படங்களில் பல 355 மி.மீ. ஆடியில் எடுத்தவை. அதன் பிரிதிறன் 0.33 விநாடிக்கோணம், நமக்கு 0.77. அந்த வித்தியாசத்தை எந்தப் பார்லோவாலும் நிரப்ப முடியாது. பெரிதாகத்தான் வேண்டும் என்றால், எஃப் 16-இல் எடுத்து, அடுக்கி, ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருளில் கூர்மையாக்கி முடித்த பிறகு 150 சதவீதம் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். அதுவரை எடுத்த அளவிலேயே வேலை பார்க்க வேண்டும். அக்கா பையனுக்கு அப்படித்தான் ஒன்றைச் செய்து அனுப்பினேன். இப்போது அவன் கைபேசித் திரையில் இருப்பது அதுதான். "இது பெருசா இருக்குதுங் மாமா, அன்னைக்கே இப்படிப் புடிச்சிருக்கலாம்ல?" என்கிறான்.